இடம் மாறிய கொம்பு

எங்கள் திண்டுக்கல்லின் 'கோட்டை' என்னும் சொல்லையே பாருங்கள். 'கோ'வில் ககரத்தின் இருபுறமும் குறிகள் நிற்கின்றன. ஒருங்குறியோ ககரத்தை முதலிலும் ஓகாரக் குறியை அடுத்தும் சேமிக்கிறது. பிரித்து அடுக்கிக் காட்டுவது இயங்குதளத்தின் பணி. விண்டோஸ் 2000 அதனை அறிந்திருந்தது. விண்டோஸ் 98 அறியவில்லை. அதனால் பழைய கணினிகளில் கொம்பு இடம் மாறிச் சொல் சிதைந்தது. புதிய இன்டர்நெட் எக்ஸ்புளோரருடன் வந்த யூனிஸ்கிரைப் நிரல் ஓரளவு கைகொடுத்தது. பலரோ, கண்ணில் படும் வரிசையிலேயே குறிகளைச் சேமிக்கும் திஸ்கியை நாடினர். எழுத்துரு ஒன்றே போதுமானதாயிற்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் திஸ்கியில் நூல்களை வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. அக்காலத்தில் நாம் தட்டெழுதிய கட்டுரைகளோ பழைய குறுந்தகடுகளில் உறங்குகின்றன. பழைய எழுத்துருவோ குறிமாற்றியோ இன்றி அவற்றைப் படிக்க இயலாது. தகடுகள் பழுதாகுமுன் மாற்றிவிடுவோமா?