வழிகாட்டியுடன் ஒருநாள் பாறையேற்றம்

வழிகாட்டியுடன் ஒருநாள் பாறையேற்றம் என்பது பயிற்சி பெற்ற வழிகாட்டியின் பொறுப்பில் இயற்கைப் பாறையில் கயிற்றுப் பாதுகாப்புடன் ஏறி, அன்றே ஊர் திரும்பும் பயணம். புதியவர்கள் பலருக்குப் பாறை அறிமுகமாவது இதன் வழியாகத்தான். செயற்கைச் சுவரில் பிடிகளும் கயிறு தொங்கும் இடமும் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்கும். வெயில், மழை, தேனீ எதுவும் குறுக்கிடாது. பாறையில் இவை எல்லாவற்றையும் கணக்கில் கொண்டாக வேண்டும். ஆகவே இடம், பருவம், வழிகாட்டி, குழுவின் அளவு ஆகியவற்றைத் தீர்மானிக்கும்போதே பயணத்தின் பாதுகாப்பில் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது. பெங்களூருக்கு அருகிலுள்ள ராமநகரம் இக்கட்டுரையில் முதன்மை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இடத்தேர்வு

பெங்களூரு–மைசூரு சாலையில் சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ளது ராமநகரம். ரயிலிலும் போகலாம். காலையில் போய் மாலையில் திரும்பும் தொலைவு என்பது முதல் வசதி. இரண்டாவது வசதி அதன் பாறை. ஆங்கிலேயர் காலத்தில் இவ்வூர் பேரி குளோஸ் என்ற அதிகாரியின் பெயரால் குளோஸ்பேட் எனப்பட்டது. இங்குள்ள கருங்கல்லை நிலவியலாளர்கள் இன்றும் குளோஸ்பேட் கிரானைட் என்றே அழைக்கிறார்கள். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழைமையான இப்பாறை, கர்நாடகத்தில் தெற்கு வடக்காக நீளும் ஒரு பட்டையாக அமைந்துள்ளது. 1975இல் வெளியான ‘ஷோலே’ திரைப்படத்தில் பலரும் பார்த்த குன்றுகள் இவைதான்.

சரிவான கருங்கல் முகங்கள் புதியவர்களுக்கு நல்ல பள்ளி. கைப்பிடி குறைவு, காலணியின் ரப்பருக்கும் சொரசொரப்பான பாறைக்கும் இடையிலான உராய்வே ஆளைத் தாங்குகிறது. குதிகாலைத் தாழ்த்தி, முன்பாதம் முழுவதையும் பாறையில் அழுத்தி, உடலைப் பாறையிலிருந்து சற்று விலக்கி நிற்க வேண்டும். பயத்தில் பாறையோடு ஒட்டிப் படுத்தால் பாதத்தின் மீதுள்ள அழுத்தம் குறைந்து கால் வழுக்கும். கைவலிமை குறைந்தவர்களும் முதல் நாளிலேயே நன்றாக ஏறுவதற்கு இந்தக் கால்வேலையே காரணம்.

ஏற்றப் பாதைகளின் கடினத்தைக் குறிக்கப் பல அளவுமுறைகள் உண்டு. அமெரிக்காவில் தோன்றிய யோசமிட்டி முறையில் கயிறு தேவைப்படும் ஏற்றங்கள் 5.0இல் தொடங்கி, இன்றைய நிலையில் 5.15 வரை செல்கின்றன. முதல்முறை ஏறுபவருக்கு 5.4 முதல் 5.7 வரையிலான பாதைகள் பொருந்தும். குழுவில் அனுபவசாலிகள் இருந்தாலும் கடைசி ஆளும் ஏறக்கூடிய பாதைகள் இரண்டு மூன்று இருக்கும் இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அனுமதியும் உயிரினங்களும்

ராமநகரத்தின் ராமதேவர பெட்டா குன்றில் 2012இல் பாறு கழுகுகளுக்கான சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கருங்கழுத்துப் பாறுகள் செங்குத்துப் பாறைகளின் விளிம்புகளில் கூடு கட்டுகின்றன. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்தால் இந்தியாவின் பாறு இனங்கள் அழிவின் விளிம்புக்குச் சென்றன. கால்நடைப் பயன்பாட்டுக்கு அம்மருந்து 2006இல் தடைசெய்யப்பட்ட பிறகும் அவை முழுமையாக மீளவில்லை. இவை முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் காலம் ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை. பாறையேற்றத்துக்கு ஏற்ற பருவமும் பெரும்பாலும் அதுவே. கூட்டருகே ஆள் நடமாடினால் பறவை கூட்டைக் கைவிடக்கூடும். எனவே கூடுள்ள பாறைகளைத் திட்டத்திலிருந்து முழுவதும் விலக்க வேண்டும். மற்ற பாறைகள் வனத்துறை நிலத்தில் உள்ளனவா, தனியார் நிலத்திலா, கோயில் நிலத்திலா என்று விசாரித்து உரியவரிடம் ஒப்புதல் பெறுவது வழிகாட்டியின் பொறுப்பு. அதைக் கேட்டு உறுதிசெய்வது பயணியின் பொறுப்பு.

பருவமும் நேரமும்

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். அக்டோபர், நவம்பரில் மழை குறுக்கிடலாம். நனைந்த கருங்கல்லில் உராய்வு வெகுவாகக் குறையும். மார்ச்சுக்குப் பின் பாறை கைவைக்க முடியாதபடி சுடும்.

பாறைமுகத்தின் திசையையும் பார்க்க வேண்டும். மேற்கு நோக்கிய முகத்தில் காலையிலும், கிழக்கு நோக்கிய முகத்தில் பிற்பகலிலும் நிழல் இருக்கும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் வடக்கு நோக்கிய முகங்கள் நாளின் பெரும்பகுதி நிழலில் இருக்கும். பெங்களூரிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழு மணி வாக்கில் ஏறத் தொடங்கி, உச்சி வெயிலுக்கு முன் முக்கிய ஏற்றங்களை முடித்துவிடலாம்.

வழிகாட்டி

இந்தியாவில் பாறையேற்ற வழிகாட்டிகள் பலர் மலையேற்ற நிறுவனங்களில் பயின்றவர்கள். டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமயமலை மலையேற்ற நிறுவனமும், உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனமும் அடிப்படை, மேல்நிலை, கற்பிக்கும் முறை என்று படிப்படியான பயிற்சிகளை நடத்துகின்றன. சான்றிதழ் ஒரு தொடக்கம் மட்டுமே. குறிப்பிட்ட அந்தப் பாறையில் வழிகாட்டி எத்தனை பருவம் வேலை செய்திருக்கிறார், முதலுதவிப் பயிற்சியை எப்போது புதுப்பித்தார், கயிற்றில் சிக்கியவரை எப்படி இறக்குவார் என்ற கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். நல்ல வழிகாட்டி இவற்றை வரவேற்பார்.

ஒரே கயிற்று நீளத்தில் முடியும் ஏற்றங்களுக்கு ஒரு வழிகாட்டிக்கு ஆறு பேருக்கு மேல் கூடாது என்பது பரவலான வழக்கம். பல கயிற்று நீளங்கள் தொடரும் உயரமான ஏற்றத்தில் இரண்டு பேர் போதும். இதய நோய், ஒவ்வாமை, கர்ப்பம், அண்மை அறுவைச் சிகிச்சை போன்றவற்றைப் பயணிகள் தனிப்பட்ட முறையில் முன்னரே தெரிவிக்க வேண்டும்.

கருவிகளும் கயிற்று முறையும்

தலைக்கவசம், ஹார்னஸ் (இடுப்பிலும் தொடைகளிலும் அணியும் பட்டை), ஏற்றக் காலணி, காரபினர்கள் (இணைப்பு வளையங்கள்), பிலே கருவி (ஏறுபவரின் கயிற்றைக் கட்டுப்படுத்தும் கருவி), கயிறு ஆகியவை அடிப்படைத் தேவை. 1932இல் உருவான பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பு, 1960இல் கயிறுகளுக்குத் தொடங்கிப் பிற கருவிகளுக்கும் பாதுகாப்புத் தரங்களை வகுத்துள்ளது. கருவிகளில் அதன் முத்திரையோ ஐரோப்பியத் தர முத்திரையோ உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

புதியவர்கள் டாப் ரோப் முறையில் ஏறுகிறார்கள். பாறை உச்சியில் கயிற்றைத் தாங்கும் அமைப்பான ஆங்கர் வழியாகக் கயிறு சென்று திரும்பும். ஒரு முனை ஏறுபவரிடமும், மறுபகுதி கீழே பிலே செய்பவரிடமும் இருக்கும். கால் நழுவினால் சிறிது தூரமே இறங்கித் தொங்குவார். கயிறு இரட்டையாக ஓடுவதால் 60 மீட்டர் கயிறு 30 மீட்டருக்குட்பட்ட உயரத்துக்கே போதும். பிலே செய்பவர் பக்கத்து நுனியில் முடிச்சிட்டால் அது கருவி வழியே நழுவிப் போகாது. ஆங்கர் குறைந்தது இரண்டு தனித்தனிப் பிடிமானங்களில் அமைய வேண்டும். ஒன்று பெயர்ந்தாலும் மற்றது தாங்கும்.

ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்பும் இருவரும் ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும். ஏறுபவரின் எட்டு வடிவ முடிச்சில் கயிற்றின் இழைகள் ஐந்து இடங்களில் இரண்டிரண்டாக, பின்னிக்கொள்ளாமல் இணையாக ஓட வேண்டும். நுனி அரைச் சாணுக்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும். கயிறு ஹார்னஸின் இடுப்பு வளையம், கால் வளையம் இரண்டின் வழியாகவும் போயிருக்க வேண்டும். பிலே செய்பவரின் காரபினர் பூட்டப்பட்டிருக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. விரலால் தொட்டு, இழுத்துப் பார்க்க வேண்டும். அரை நிமிடம் பிடிக்கும் இந்தச் சோதனையை எத்தனையாவது ஏற்றமாக இருந்தாலும் விடக்கூடாது. ‘பிலே ஆன்’ (பிலே தயார்), ‘டேக்’ (கயிற்றை இறுக்கு), ‘லோயர்’ (கீழே இறக்கு) போன்ற குரல்களின் பொருளைத் தரையிலேயே பேசி ஒத்திகை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடர்களும் முன்னேற்பாடும்

தென்னிந்தியப் பாறைகளில் மிகவும் அஞ்ச வேண்டியது மலைத்தேனீ. துருத்திய பாறைகளின் அடியில் பெரிய அடைகளாகத் தொங்கும் இவை பூப்பருவத்துக்கேற்ப இடம் மாறும். போன மாதம் வெறுமையாக இருந்த பாறையில் இன்று அடை இருக்கலாம். ஆகவே ஏறும் நாள் காலையில் வழிகாட்டி பாறை முழுவதையும் தொலைநோக்கியால் பார்க்க வேண்டும். வாசனைத் திரவியம், புகை, கூச்சல் கூடாது. ஒரு தேனீ கொட்டினால் அதன் வாசம் மற்றவற்றை வரவழைக்கும். கயிற்றில் இருப்பவரை உடனே இறக்கி, எல்லோரும் அங்கிருந்து விலகி ஓட வேண்டும்.

மேலிருந்து கல் விழக்கூடும் என்பதால் ஏறாதவர்களும் பாறையடியில் தலைக்கவசம் அணிய வேண்டும். ஒருவருக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் தேவை. கழிப்பிடம் இல்லை என்பதற்காகப் பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வெயிலில் இது மயக்கத்தில் முடியும். வழியில் எங்கே நிறுத்துவது, பாறையருகே எந்த இடம் ஒதுக்குவது என்பதை வழிகாட்டி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லும் வழி, கைபேசி அலைவரிசை கிடைக்கும் இடம், 108, 112 ஆகிய அவசர எண்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கைவிடும் முடிவு

பணம் கட்டி, விடுப்பு எடுத்து, விடியுமுன் கிளம்பி வந்த குழுவுக்குத் திரும்பிப் போக மனம் வராது. வழிகாட்டிக்கும் அந்த அழுத்தம் உண்டு. அதனால் மழை பெய்தால், தேன்அடை தென்பட்டால், ஆங்கரில் ஐயம் எழுந்தால் ஏற்றம் இல்லை என்பதையும், அப்போது கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் முன்பதிவின்போதே எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பெங்களூரு கண்டீரவா விளையாட்டரங்கில் உள்ளது போன்ற செயற்கைச் சுவரை மாற்றிடமாகக் குறித்து வைத்தால் நாளும் வீணாகாது. பாறையைப் பார்த்துவிட்டு ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் வழிகாட்டி, தமக்குக் கொடுத்த கூலிக்கான வேலையை முழுமையாகச் செய்திருக்கிறார். அடுத்த பயணத்துக்கும் அவரையே அழைக்க வேண்டும்.