உழைப்புக்கு அளந்த சோறு

ஓர் இனத்தின் வரலாறு அதன் உண்கலத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்த தமிழரின் தட்டைக் கூர்ந்து நோக்கினால், அவர்கள் பட்ட பாடும் பெற்ற நலமும் இன்று அவர்தம் வழித்தோன்றல்களைப் பற்றியுள்ள நோயும் ஒருங்கே தெரியும். உடலெடை மிகுந்து, அதனைப் பெருமளவு குறைக்க வேண்டிய நிலையில் இன்று பலர் இருக்கின்றனர். எந்த உணவுமுறையைக் கைக்கொள்வது என்று அவர்கள் கேட்கின்றனர். இவ்வினாவுக்கு விடை காண, அந்தத் தட்டு எவ்வாறு அமைந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை வாட்டிய நோய்களுள் ஒன்று பெரிபெரி. கால்கள் மரத்துப்போய், உடல் வீங்கி, நெஞ்சு தளர்ந்து மாந்தர் மடிந்தனர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரிடையே இந்நோய் பெருகிற்று. தமிழரிடையே அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த பிராடன், 1907இல் வெளியிட்ட நூலில் இவ்வேற்றுமையைச் சுட்டினார். சீனத் தொழிலாளர் உண்டது சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மறுபிரிவினருக்குப் புழுங்கலரிசியும் அளித்தார். முதற்பிரிவில் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோர் தப்பினர். கோலாலம்பூரில் 1900இல் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் சாலைபோடும் தொழிலாளரிடையே ஆய்ந்து, 1909இல் இதனை உறுதி செய்தனர்.

காரணம் பின்னாளில் விளங்கிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள தையமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதன்பின் தீட்டினாலும் அது முற்றும் போவதில்லை. தஞ்சையிலும் திருச்சியிலும் பாட்டிமார் அவித்த நெல்லின் பழக்கம், கடல்கடந்த தமிழரின் உயிரைக் காத்தது. வீட்டில் வேரூன்றிய உணவுப் பழக்கத்தின் வலிமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அக்காலத் தோட்டத் தொழிலாளி எவ்வாறு உழைத்தான்? விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, இருள் பிரியும் வேளையில் நிரைக்குள் நுழைந்து, நானூறு ஐந்நூறு மரங்களைச் சீவினான். பின்னர் மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, மேடும் பள்ளமும் கடந்து ஸ்டோருக்குச் சுமந்தான். பெண்டிர் அதே வேலையைச் செய்ததோடு, விறகு பொறுக்கி, நீர் சுமந்து, லயத்துக் கொல்லையில் கீரையும் முருங்கையும் வளர்த்தனர். அத்தகைய உழைப்புக்கு எரிபொருளாக இருந்தது சோறு. கூலியில் பெரும்பகுதி அரிசிக்கே போயிற்று. தோட்ட நிர்வாகமே அரிசியைத் தருவித்து, கூலியில் கழித்துக்கொண்ட வழக்கமும் இருந்தது. குழம்பு சிறிது, கருவாடு ஒரு துண்டு, பருப்பு கொஞ்சம், சோறு மட்டும் மலையளவு. அது பேராசையன்று, தேவை. உண்ட சோற்றை அன்றைய உழைப்பே கரைத்துவிட்டது.

பின்னர் வந்தது போர். 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் பர்மா அரிசி வரத்து அற்றுப்போயிற்று. தோட்ட மக்கள் மரவள்ளிக்கிழங்கையும் சர்க்கரைவள்ளியையும் நட்டு உயிர் காத்தனர். ஆடவர் பலர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர். அப்பசியைக் கண்ட தலைமுறை, சோற்றை மிச்சம் வைப்பதைப் பாவமெனக் கருதிற்று. பிள்ளையின் தட்டில் இன்னும் ஓர் அகப்பை இடுவதையே அன்பெனக் கொண்டது. இன்றும் நம் இல்லங்களில், "போதும்" என்பவரை மேலும் உண்ணச் சொல்லும் பழக்கம் நிலவுகிறது. அதன் பின்னால் அந்தப் பசியின் நினைவும் நிற்கிறது என்பதை மறத்தலாகாது.

இதற்கிடையே அவ்வட்டாரத்தில் வேறொரு வரலாறும் முளைவிட்டிருந்தது. மலாயாவில் வாணிப முறையில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான். 1917இல், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, ஹென்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் அதனை நட்டார். பின்னாளில் மலாயா வாழ்வைப் புதினமாக்கி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவரும் அவரே. அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். அப்பெயரில் தமிழ் ஒலிக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிவிட்டது. அன்று நட்ட பனையின் இனமே பின்னர் இரப்பரை விலக்கி நாடெங்கும் பரவியது. ஒருகாலத்தில் அளந்தளந்து ஊற்றப்பட்ட எண்ணெய், பிற்காலத்தில் சமையலறையின் மலிவான பொருள்களுள் ஒன்றாயிற்று.

இரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது வேலையாட்களின் தேவை குறைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன; விற்கப்பட்டன; வீடமைப்பு நிலங்களாயின. ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் முதலிய இடங்களின் லயங்களிலிருந்து குடும்பங்கள் ரவாங்குக்கும் சுங்கை பூலோவுக்கும் கிள்ளானுக்கும் பெயர்ந்தன. ஆடவர் லாரி ஓட்டினர், பாதுகாவலராக அமர்ந்தனர். பெண்டிர் தொழிற்சாலைகளில் பொறிகளின்முன் நின்றனர். கொல்லை போயிற்று, கீரை கடைப்பொருளாயிற்று. காலையில் ரொட்டி சானாய், பத்து மணிக்குக் கெட்டிப்பால் கலந்த தேநீர், இரவில் வேலை முடிந்து வரும்போது பொரித்த கோழி என வாழ்க்கை மாறிற்று. உழைப்பு நீங்கிற்று, ஆனால், உழைப்புக்கு அளந்த சோறு மட்டும் நீங்கவில்லை. நம் உடற்பருமனின் வரலாற்றை இந்த ஒரு வரியில் அடக்கலாம்.

இதன் விளைவை எண்கள் காட்டுகின்றன. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, வயதுவந்தோரில் 50.1 விழுக்காட்டினர் மிகையெடையோ உடற்பருமனோ உடையவர், 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர். இவ்விரண்டும் மிகுதியாகக் காணப்பட்டது இந்தியரிடையே. தெற்காசியரின் உடல், ஒத்த எடையுள்ள ஐரோப்பியரின் உடலைக் காட்டிலும் கூடுதலான கொழுப்பை, குறிப்பாக வயிற்றில், சேர்த்து வைக்கிறது. ஆதலின், உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடற்குறியீட்டெண் 25 என்பதை மேலைநாட்டார் எச்சரிக்கை வரம்பாகக் கொள்ள, ஆசிய மக்களுக்கு 23 என்பதே எச்சரிக்கை நிலையென்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் அறிவித்தது. கால் அகற்றப்பட்ட தந்தையரையும், ஐம்பதில் நெஞ்சுவலியால் மறைந்த அண்ணன்மாரையும் அறியாத தோட்டக் குடும்பம் அரிது.

இனி, எவ்வுணவுமுறை நன்று என்னும் வினாவுக்கு வருவோம். எடைகுறைப்பு முறைகளின் வரலாறு நெடியது. இலண்டனில் ஈமச்சடங்குப் பணியாளராயிருந்த வில்லியம் பாண்டிங், மருத்துவர் ஒருவரின் அறிவுரைப்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் முதலியவற்றை விலக்கி, ஓராண்டில் ஏறத்தாழ 46 இராத்தல் குறைந்தார். தம் பட்டறிவை 1863இல் சிறுநூலாக அச்சிட்டு வழங்கினார். அன்று முதல் இன்றுவரை மாவுச்சத்தைக் குறைப்பது, கொழுப்பைக் குறைப்பது, வேளை தவிர்த்து உண்பது என முறைகள் மாறிமாறி வந்துகொண்டேயிருக்கின்றன.

இவற்றுள் எது சிறந்தது? அமெரிக்காவில் 811 பேரை நான்கு உணவுமுறைகளில் ஈடுபடுத்தி ஈராண்டுகள் ஆய்ந்தனர். 2009இல் வெளியான முடிவு, நான்கிலும் எடை ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது என்பதே. முறையின் பெயர் வெற்றி தரவில்லை. வழிகாட்டும் கூட்டங்களுக்கு விடாது வந்தவரே மிகுதியாகக் குறைந்தனர்.

கடும்பட்டினியின் தீமையையும் வரலாறு காட்டியுள்ளது. 1944-45இல் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் 36 இளைஞர்களை ஆறு திங்கள் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் எடையில் கால்பங்கு குறைந்தது. உடன் ஊக்கமும் குன்றியது. நாள்முழுதும் உணவைப்பற்றியே எண்ணினர். கட்டுப்பாடு நீங்கியதும் அடங்காத பசி எழுந்து, இழந்த கொழுப்புக்கு மேலாகவே திரும்பிற்று. உடல் பஞ்சத்தை மறப்பதில்லை.

ஆயினும், விரைவாகக் குறைத்தல் எப்போதும் தவறென்று கூறுவதும் உண்மையாகாது. பிரிட்டனில் நீரிழிவுடைய 298 பேரிடையே நிகழ்ந்து 2017இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினர் மூன்று முதல் ஐந்து திங்கள் ஏறக்குறைய 850 கலோரி மட்டும் தரும் கரைசலுணவை மேற்கொண்டனர். ஓராண்டின் முடிவில் அவர்களுள் 46 விழுக்காட்டினர் மருந்தின்றி நோய் தணிந்திருந்தனர். 15 கிலோவுக்கு மேல் குறைந்தோரில் அது 86 விழுக்காடு. ஆனால், அவர்களின் அருகில் மருத்துவக் குழு இருந்தது. வழக்கமான உணவுக்குப் படிப்படியாகத் திரும்பவும் குறைந்த எடையைக் காக்கவும் அவர்கள் பயிற்றப்பட்டனர். அக்குழுவும் அப்பயிற்சியும் இன்றி, விளம்பரத்தில் கண்ட மாவுப்பொட்டலத்தை மட்டும் வாங்குவோர் ஆய்வின் பாதியை மட்டுமே வாங்குகின்றனர்.

தமிழ்மண்ணிலும் ஒரு சான்று உண்டு. சென்னையில் டாக்டர் இராமச்சந்திரனும் குழுவினரும் நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் ஆய்ந்து 2006இல் வெளியிட்டனர். நடைப்பயிற்சியும் உணவுத் திருத்தமும் மேற்கொண்டோரிடையே நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அதுவும் எடை பெரிதாகக் குறையாமலே. ஆகவே, தராசின் முள் அசையாத வாரங்களிலும் முயற்சி வீணாவதில்லை என்று தெளியலாம்.

இவற்றின் சாரம் ஒன்றே. பத்தாண்டு கழித்தும் தொடரக்கூடிய முறையே நல்ல முறை. தொடர வேண்டுமாயின் அது நம் அடுக்களையில் பிறந்ததாக இருத்தல் வேண்டும். அயலார் பழமும் பாலாடையும் எழுதிய பட்டியல், முப்பது நாளில் சலித்துவிடும். சோறும் சாறும் கீரையும் சலிப்பதில்லை.

நூற்றுப்பத்து கிலோ எடையுள்ள ஒருவரை எண்ணுவோம். அவர் நாளொன்றுக்கு நான்கு குவளைத் தேநீரில் மும்மூன்று தேக்கரண்டிச் சீனி கொள்பவராயின், அதில் மட்டும் 60 கிராம் சீனி, ஏறத்தாழ 240 கலோரி சேர்கிறது. வெந்த சோறு ஒரு கோப்பை ஏறத்தாழ 200 கலோரி. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. சீனியை விலக்கி, இரவுச் சோற்றில் ஒரு கோப்பையும், தாளிப்பில் ஒரு கரண்டியும் குறைத்தால், நாளுக்கு ஏறக்குறைய 560 கலோரி குறைகிறது. தொடக்கத்தில் வாரத்துக்கு அரைக்கிலோ அளவில் எடை இறங்கக்கூடும். பின்னர் வேகம் தணியும். ஓராண்டில் பத்து விழுக்காடு, அதாவது பதினொரு கிலோ குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கும் வாய்ப்பு மிகுதி. அவ்வெடையைச் சில திங்கள் காத்து நின்று, மீண்டும் அடுத்த படியில் கால் வைக்கலாம்.

தட்டின் அளவைச் சுகாதார அமைச்சு எளிதாக வகுத்துத் தந்துள்ளது: காற்பங்கு சோறு, காற்பங்கு மீனோ கோழியோ பருப்போ, அரைப்பங்கு காய்கறியும் பழமும். தோட்டத்துப் பாட்டியின் தட்டில் இவை யாவும் இருந்தன. விகிதம் மட்டுமே வேறு. முருங்கைக்கீரை, பாசிப்பயறு, கத்தரிக்காய், கோலசிலாங்கூர்க் கடலோர மீன் ஆகியவை இன்றும் எட்டாத பொருள்கள் அல்ல. சோற்றைப் பகையென்று விலக்க வேண்டுவதில்லை. அதன் அரியணையை மட்டும் சுருக்கினால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ கொள்பவர், உணவைக் குறைக்குமுன் மருத்துவரை அணுகி மருந்தின் அளவைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். இல்லையேல், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து உயிருக்கே ஊறு நேரும். மற்றொன்று, ஒருவருக்கென்று தனிச்சமையல் நிலைப்பதில்லை. குடும்பம் முழுதும் ஒரே பானையில் உண்ணும் முறையே நிற்கும். தாய்க்கு மட்டும் பத்தியம், பிள்ளைகளுக்குப் பொரியல் என்னும் வீட்டில், மிஞ்சியதை உண்பவள் தாயே.

திருவள்ளுவர் "மருந்து" என்னும் அதிகாரத்தில் நோய்நீங்கும் வழியைக் கூறும்போது, மூலிகைகளின் பெயரை அடுக்கவில்லை. செரிமானத்தையும் பசியையும் அளவையும் பேசுகிறார். அளவு என்பது காலத்தோடு மாறுவது. பாலைச் சுமந்த தோளுக்கு ஓரளவு. நாற்காலியில் அமர்ந்த உடலுக்கு வேறோர் அளவு. ஒருகாலத்தில் புழுங்கலரிசி உண்ட பழக்கம், அறியாமலே நம் முன்னோரைக் காத்தது. இன்று நம்மைக் காக்க வேண்டியது அறிந்து செய்யும் பழக்கம். வகுப்பறையில் குறளைப் பயிலும் மாணவன், அன்றிரவு தன் இல்லத்தில் தந்தையின் தட்டில் சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டி வைப்பானாயின், அக்குறள் கற்றதன் பயன் அங்கே நிறைவேறும்.