பிரேக் ஹோஸ்

பிரேக் ஹோஸ் என்பது காரின் பாடியோடு பொருத்தப்பட்ட உலோக பிரேக் பைப்பையும், சக்கரத்தோடு சேர்ந்து அசையும் காலிப்பரையோ வீல் சிலிண்டரையோ இணைக்கும் வளையும் ரப்பர் குழாய். பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் ஏறி இறங்குகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரமும் திரும்புகிறது. இரும்புப் பைப் அந்த அசைவைத் தாங்காது என்பதால்தான் இடையில் இந்த ரப்பர் துண்டு.

ஹோஸின் உட்குழாயும் மேலுறையும் பெரும்பாலும் இபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை. இரண்டுக்கும் நடுவே செயற்கை நூலிழைப் பின்னல் உண்டு. காலால் ஓங்கி மிதிக்கும்போது உள்ளே அழுத்தம் 100 பார் அளவுக்குப் போகலாம். ஹோஸ் உப்பாமல் இருக்கக் காரணம் அந்தப் பின்னலே. அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 106 விதிப்படி, மாதிரி ஹோஸ் 35 மணி நேரம் இடைவிடாமல் வளைத்தாட்டும் சோதனையில் தேற வேண்டும். இந்தியாவில் இதற்குரிய தரநிலை ஐஎஸ் 7079.

பிரேக் ஆயில் என்று கடையில் கேட்டு வாங்கும் டாட் 3, டாட் 4 திரவங்கள் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை. இபிடிஎம் ரப்பருக்கு அவற்றால் கெடுதல் இல்லை. எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ தவறிக் கலந்தால் ரப்பர் ஊதிப் பதம் கெட்டுவிடும். அப்போது ஹோஸோடு மற்ற ரப்பர் சீல்களையும் மாற்ற நேரும்.

பரிசோதனை

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே அடியில் கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஹோஸை விரலால் வளைத்து, வளைவின் வெளிப்புறத்தில் வெடிப்பு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். உலோக முனை ரப்பரைக் கவ்வும் இடத்தில் ஈரம் இருக்கிறதா என்பதும் முக்கியம். ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கீழே பார்த்தால் உப்பல் தெரியும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, டயரிலோ சஸ்பென்ஷனிலோ ஹோஸ் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். உப்பல், கசிவு, நூலிழை தெரியும் வெடிப்பு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் ஹோஸை மாற்றியே ஆக வேண்டும்.

வெளியே பளபளவென்று இருக்கும் ஹோஸ் உள்ளே கெட்டிருப்பதுதான் பெரிய தொல்லை. உட்சுவர் வீங்கியோ பிய்ந்தோ துளையை அடைத்தால், மிதிக்கும்போது திரவம் சக்கரத்துக்குப் போய்விடும், காலை எடுத்த பின் திரும்பி வராது. அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டே ஓடும். டிஸ்க் சூடேறும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பல ஒர்க்‌ஷாப்களில் இதைக் காலிப்பர் கோளாறு என்று நினைத்துக் காலிப்பரை மாற்றிக் காசைக் கரைக்கிறார்கள். செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பிடித்த நிலையிலேயே, முதலில் ஹோஸின் மேல்முனையில் உலோகப் பைப் சேரும் நட்டைச் சற்றுத் தளர்த்த வேண்டும். சக்கரம் விடுபட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடுபடாமல், அடுத்துக் காலிப்பர் நிப்பிளைத் திறந்ததும் விடுபட்டால் கோளாறு ஹோஸில். நிப்பிளைத் திறந்தும் அசையவில்லை என்றால்தான் காலிப்பர் பிஸ்டனையோ பின்னையோ சந்தேகப்பட வேண்டும்.

மாற்றுதல்

பழைய வண்டியில் பைப் நட்டு துருப்பிடித்து இறுகியிருக்கும். சாதாரண ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும். பைப் நட்டுக்கென்றே உள்ள, ஒரு பக்கம் திறந்த ரிங் ஸ்பேனரே சரி. துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டுவைப்பது நல்லது. நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுக்கிக்கொண்டால் ஹோஸ் வேலை பைப் வேலையாக வளர்ந்துவிடும். பேன்ஜோ போல்ட் உள்ள இடத்தில் இருபுறமும் புதுச் செம்பு வாஷர் போட வேண்டும். பழையதை மறுபடி போட்டால் கசியக்கூடும். காலிப்பரைக் கழற்றினால் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் எடையை ஹோஸ் தாங்கினால் உட்சுவர் கிழியலாம்.

புது ஹோஸின் நீளத்தில் ஓடும் கோடு அலங்காரத்துக்கானதல்ல. மாட்டிய பின் அது நேராக இருந்தால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளவில்லை என்று பொருள். ஒரு பக்கம் வயதாகிக் கெட்டால் மறுபக்கமும் அதே வயதுதான் என்பதால், ஒரே அச்சின் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே முறை. பெயின்டில் சிந்தும் திரவத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

பிறகு ஏர் எடுக்க வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைப் பார்ப்பதே நல்லது. இடையில் டப்பாவில் திரவம் தீர்ந்துவிடக் கூடாது. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால், பல கார்களில் ஸ்கேன் கருவி இல்லாமல் அதை வெளியேற்ற முடியாது.

ஸ்டீல் பின்னல் ஹோஸ்களும் சந்தையில் கிடைக்கின்றன. பெடல் கெட்டியாக இருக்கும். ஆனால் உள்குழாய் பழுதானால் பின்னல் மறைத்துவிடும். அன்றாடம் ஓடும் காருக்குக் கம்பெனி ரப்பர் ஹோஸே போதும்.