விதைத்த கருவிக்கும் ஒரு பரண்



திருப்பூர் ராயபுரம் என்றாலே இப்போது பனியன்தான் நினைவுக்கு வரும். இங்கே பின்னலாடைத் தொழில் தொடங்கியது 1925 வாக்கில். ஆனால் நூலுக்கு முன்னால் பஞ்சு, பஞ்சுக்கு முன்னால் விதை. அந்த விதையை மண்ணில் இறக்கிய கருவியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

நம்ம பக்கம் பெரும்பாலும் கைவீச்சு, இல்லாவிட்டால் கலப்பைச் சாலில் விதை விடுவது. வடக்கே பெல்லாரி, அனந்தபூர், கர்னூல் சீமைகளில் வேறு கருவி இருந்தது. தெலுங்கில் கொர்ரு, கன்னடத்தில் கூரிகே என்பார்கள். ஒரு மரக்கட்டை, அதில் சில கொழுக்கள், ஒவ்வொரு கொழுவுக்கும் ஒரு மூங்கில் குழாய். குழாய்கள் எல்லாம் மேலே ஒரு மரக் கிண்ணத்தில் வந்து சேரும். நடந்துகொண்டே கிண்ணத்தில் விதையைக் கையால் விட, எல்லாச் சாலிலும் ஒரே சமயத்தில் விழும்.

இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் 1701 வாக்கில் விதைப்பு எந்திரம் செய்தார் என்று படித்திருப்பீர்கள். அதனால் வரிசை விதைப்பே ஐரோப்பியர் கண்டுபிடிப்பு என்று பலர் நினைத்தார்கள். கேப்டன் தாமஸ் ஹால்காட் என்ற ஆங்கிலேயரும் அப்படித்தான் நினைத்திருந்தார். தென்னிந்திய வயல் ஒன்றில் விதைப்புக் கருவி ஓடுவதைப் பார்த்து விசாரித்தார். நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது என்று தெரிந்ததும், லண்டன் விவசாய வாரியத்துக்கு எழுதினார். அது 1797-ல் அச்சானது. 1971-ல் தரம்பால் தம் நூலில் அதை மறுபடி வெளியிட்டார்.

இந்தக் கருவி நீடித்து உழைத்ததற்குப் பராமரிப்பும் காரணம். மூங்கிலில் மாவுச்சத்து உண்டு; அதனால் வண்டு துளைத்து உளுத்துப் போகும். அடுப்புப் புகை படும் பரணில் மூங்கில் சாமானைச் செருகி வைப்பது பழைய வழக்கம். புகை படிந்த மூங்கிலை வண்டு சுலபமாகத் தொடாது. பஞ்சு ஒட்டிய பருத்தி விதை குழாயில் வழுக்கி இறங்க, சாணமும் மண்ணும் சேர்த்துத் தேய்ப்பார்கள். அந்தச் சாணம் உள்ளே காய்ந்தால் அடுத்த போகத்தில் குழாய் அடைக்கும். ஒரு குழாய் அடைத்தால் ஒரு சால் வெறுஞ்சால். முளைத்த பிறகுதான் தெரியும். அதற்குள் மண்ணில் ஈரம் போயிருக்கும். மானாவாரிக்காரருக்கு இது சின்ன நஷ்டமா, சொல்லுங்க?

இப்போது டிராக்டர் விதைப்பான் வந்துவிட்டது. பெட்டியும் குழாயும் கொழுவும் பெயர்தான் மாறியிருக்கின்றன. ஆகவே வேலை முடிந்த அன்றே உரப்பெட்டியைக் காலி பண்ணிக் கழுவிக் காய வையுங்கள். உரத்தின் உப்பு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும். குழாய் ஒவ்வொன்றிலும் குச்சி விட்டுப் பாருங்கள். கொழுவை மண் போகத் தேய்த்து எண்ணெய் பூசுங்கள். தரையில் போடாமல் கட்டை வைத்து, கூரை நிழலில் நிறுத்துங்கள். மிஞ்சிய மருந்து கலந்த விதையைக் கோழிக்குப் போடவே கூடாது.

வீட்டில் பழைய மரக்கருவி ஏதாவது கிடந்தால் அடுப்புக்கு அனுப்பிவிடாதீர்கள். மரத்தையும் மூங்கிலையும் கரையான் தின்றால் சாட்சி சொல்ல ஒன்றும் மிஞ்சாது. தூசி தட்டி வேப்பெண்ணெய் தடவி, பேரப்பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள்.