ஜாக்கின் விளக்கும் நம்ம பரங்கிக்காயும்

அக்டோபர் கடைசி வாரம் வந்தால் போதும், அபார்ட்மெண்ட் பிள்ளைகள் பரங்கிக்காய் கேட்க ஆரம்பித்து விடுகிறார்கள். சாம்பாருக்கு இல்லை. கண்ணும் மூக்கும் வெட்டி உள்ளே விளக்கு வைக்க! பெரியவர்களில் இரண்டு கட்சி. "அமெரிக்கக் கூத்து நமக்கு எதற்கு" என்று ஒன்று, "குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள், விடுங்கள்" என்று இன்னொன்று. இரண்டு கட்சிக்கும் இதன் சரித்திரம் தெரிந்தால் தேவலை. இது ஊர் விட்டு ஊர் போனவர்களின் கதை.

முதல் ஆச்சரியம், இது பரங்கிக்காயில் ஆரம்பிக்கவே இல்லை. டர்னிப்பில் ஆரம்பித்தது. வடக்கே குளிர்காலத்தில் ஷல்கம் என்று விற்கிறார்களே, அதேதான். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அக்டோபர் 31 இரவு பழைய அறுவடைப் பண்டிகை. அதன் பெயரை 'சாவின்' என்று உச்சரிக்கிறார்கள். ஆவிகள் நடமாடும் இரவு என்பதால் தமிழ்க் காதுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது :-) மறுநாள் நவம்பர் 1, கிறிஸ்தவர்களின் எல்லாப் புனிதர்கள் தினம். அதற்கு முந்தைய மாலை என்ற பொருளில் வந்ததுதான் ஹாலோவீன். அந்த இரவில் டர்னிப்பைக் குடைந்து, கோர முகம் வெட்டி, உள்ளே நெருப்பு வைத்து எடுத்துப் போனார்கள். டோனகல் பகுதியில் செய்த அப்படி ஒரு விளக்கின் வார்ப்பு அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தைப் பார்த்தால் குழந்தைகள் மட்டுமல்ல, நாமும் கொஞ்சம் பயப்படுவோம்.

இதற்கு ஒரு நாட்டுப்புறக் கதையும் உண்டு. ஜாக் என்று ஒரு மகா கஞ்சன். சாராயக் கடைப் பாக்கியைக் கட்ட, சாத்தானையே நாணயமாக மாறச் சொன்னான். மாறியதும் பாக்கியைக் கட்டாமல், சிலுவை இருந்த பைக்குள் போட்டுக்கொண்டான். "என் உயிரை எடுக்கமாட்டேன்" என்று வாக்கு வாங்கிய பிறகே வெளியே விட்டான். (கடன் வசூல் செய்கிற எங்களுக்கு இந்த மாதிரி ஆசாமிகள் புதிதல்ல.) செத்த பிறகு சொர்க்கத்தில் இடமில்லை. வாக்குக் கொடுத்த சாத்தானும் நரகத்தில் சேர்க்கவில்லை. ஒரு தணலை மட்டும் கொடுத்து அனுப்பினான். அதை டர்னிப்புக்குள் வைத்துக்கொண்டு ஜாக் இன்றும் இருட்டில் அலைகிறானாம். ஜாக்-ஓ-லான்டர்ன் என்ற பெயருக்கு அவர்கள் சொல்லும் கதை இது.

1845 முதல் 1852 வரை அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம். ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பல் ஏறினார்கள், பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. அங்கே பரங்கிக்காய் மலிவு, பெரிது, உள்ளே பாதி வெற்றிடம். டர்னிப்பைக் குடைந்து கை வலித்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் பரங்கியில் முகம் வெட்டுவதை இவர்கள்தான் அமெரிக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1807ல் பிறந்த விட்டியர் என்ற அமெரிக்கக் கவிஞர், தன் சிறுவயதிலேயே பரங்கியில் முகம் வெட்டி மெழுகுவத்தி வைத்ததைக் கவிதையில் சொல்கிறார். அது பஞ்சத்துக்கு முன்பு. ஹாலோவீனுக்காகவும் இல்லை, அறுவடைக்கால விளையாட்டு. வந்தவர்களின் இரவும் இருந்தவர்களின் காயும் 19ஆம் நூற்றாண்டில் மெல்ல ஒன்று சேர்ந்தன. 1960களில் மாசசூசெட்ஸ் விவசாயி ஹௌடன், செதுக்குவதற்கென்றே ஒரு ரகத்தை உருவாக்கினார். (அவர் பெயரும் ஜாக்!) 2013ல் நியூ ஹாம்ப்ஷயரின் கீன் நகரில் ஒரே இரவில் 30,581 பரங்கி விளக்குகள் எரிந்தன.

பரங்கியும் இடம் பெயர்ந்ததுதான். பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் ஒரு குகையில் சுமார் 10,000 ஆண்டு பழைய விதைகள் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பியர் வழியாக நம் ஊருக்கு வந்ததைப் பெயரே சொல்கிறது, 'பரங்கி'யர் காய். திருஷ்டிக்குப் பூதமுகம் வரைந்து கட்டுகிறோமே, அந்த வெண்பூசணி வேறு. அது ஆசியாவின் பழைய காய். டெல்லிக் கடையில் சீதாபல் கேட்டால் பரங்கியை வெட்டிக் கொடுப்பார்கள் என்பது நம்மவர்கள் அனுபவத்தில் கற்ற பாடம்!

உங்கள் வீட்டில் செய்வதானால்... முகத்தைக் குழந்தை வரையட்டும், கத்தி பெரியவர் கையிலேயே இருக்கட்டும். மூடியைச் சாய்வாக வெட்டினால் உள்ளே விழாது. விதையைக் கரண்டியால் சுரண்டும் வேலை குழந்தைக்குக் கொண்டாட்டம். அதைக் கழுவிக் காயவைத்து வறுத்தால் மாலைத் தீனி. நம்மூர்ப் பரங்கிக்குச் சதை கெட்டி, சுரண்டிய சதையைக் கூட்டாக்கி விடுங்கள். மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கு நல்லது.

சுரண்டும்போது ஜாக்கின் கதையைச் சொல்லுங்கள். அயர்லாந்துக்காரர்கள் காயை மாற்றிக்கொண்டார்கள், கதையை விடவில்லை. நாம் முருங்கைக்காயும் அப்பளமும் ஊரிலிருந்து தவறாமல் வரவழைக்கிறோம். கதைகள் அவ்வளவு ஒழுங்காக வருகின்றனவா? கார்த்திகை தீபத்தன்று சொக்கப்பனை ஏன் கொளுத்துகிறார்கள் என்று உங்கள் பிள்ளை கேட்டால் சொல்லத் தெரியுமா? ஹாலோவீன் முடிந்த சில வாரங்களில் கார்த்திகை வந்துவிடும். ஊரில் பாட்டி இருந்தால் இப்போதே போன் போட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.