செஞ்சிக் களஞ்சியமும் மஞ்சள் மாவு உப்புமாவும்

செஞ்சிக் கோட்டையில் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் பெரிய தானியக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. போன மாதம் அக்கா மகளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஆறு வயசு. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை விட்டுவிட்டு முற்றுகை போட்ட கோட்டை இது. உள்ளே இருந்தவர்களுக்குச் சோறு போட்டது இந்த மாதிரிக் களஞ்சியங்கள்தான் என்று சொன்னேன். கண்ணை விரித்துக் கேட்டாள். வெளியே வந்து கேழ்வரகு அடையை நீட்டினால், "கறுப்பா இருக்கு, வேணாம் மாமா" என்று திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் சொன்னதும் அம்மா சிரித்தார். "எங்களுக்கு மஞ்ச மாவு எப்படியோ, அவளுக்கு இது அப்படி."

அம்மா 1960களில் செஞ்சிப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் படித்தவர். அன்றைய தென்னார்க்காட்டு மானாவாரிப் பூமியில் கேழ்வரகும் கம்பும்தான் அன்றாடச் சாப்பாடு. அரிசி விசேஷ நாளுக்கு. அந்தப் பிள்ளைகள் தட்டில் அமெரிக்க மக்காச்சோள மாவு எப்படி வந்தது?

சென்னை மாநகராட்சி 1920லேயே, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்துப் பார்த்தது. காமராசர் 1956ல் அதை மாநிலத்துக்கே கொண்டு போனார். 1961லிருந்து 'கேர்' நிறுவனம் வழியாகப் பால் பவுடர், மக்காச்சோள மாவு, கோதுமை, எண்ணெய் எல்லாம் வந்தன. அமெரிக்காவில் மிஞ்சிய தானியத்தை வெளிநாடுகளுக்கு அனுப்ப அவர்கள் 1954ல் போட்ட சட்டம் இதற்குப் பின்னால் இருந்தது. அவர்களுக்கு உபரி, நமக்குப் பசி. இரண்டையும் மறைக்க வேண்டியதில்லை.

"முதல் நாள் பாதிப் பேர் துப்பிட்டோம். அப்புறம் ஆயா கடுகு, வெங்காயம், கறிவேப்பிலை தாளிச்சு உப்புமாவா கிண்டுனாங்க. பக்கத்துல இருக்கிறவ சாப்பிடுறாளேன்னு நானும் சாப்பிட்டேன்" என்றார் அம்மா.

லீன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980ல் சோதித்தது கிட்டத்தட்ட இதைத்தான். ஒரு காய் பிடிக்காத குழந்தையை, அது பிடித்த குழந்தைகளோடு சில நாள் உட்கார வைத்தார். குழந்தையின் தேர்வே மாறியது. 1982ல் இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் இன்னொரு ஆய்வு: அறியாத உணவை எத்தனை தடவை ருசி பார்த்தார்களோ, அத்தனைக்கு அத்தனை பிடித்தது. அதே 1982ல்தான் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். ஆய்வைப் படித்துவிட்டு யாரும் இங்கே பந்தி போடவில்லை. ஆனால் பந்தியும் தினசரிப் பழக்கமும் ஆயாவின் தாளிப்பும் அந்த வேலையைச் செய்திருக்கின்றன. பசியும்தான்; அதைக் கழித்துவிட்டுப் பேசினால் பொய்யாகிவிடும்.

காலை உணவுத் திட்டம் 2022ல் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. வீட்டில் காய் போட்ட கிச்சடியைத் தொடாத எங்கள் பெண் பள்ளியில் தட்டைக் காலி பண்ணுகிறாளாம். அக்காவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்.

கேழ்வரகு இந்த மண்ணின் பயிர். மூன்றாம் தலைமுறையில் அதுவே புது உணவாகிவிட்டது. அடுத்த ஞாயிறு மறுபடி அடை சுட்டோம். அவளைக் கூப்பிடவே இல்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு அம்மா ஒரு தட்டு வைத்தார். அவன் வெல்லத்தோடு இரண்டு தின்றான். இவள் கிட்ட வந்து ஒரு விள்ளல் பிய்த்து, வாயில் வைத்து, கீழே வைத்துவிட்டுப் போனாள்.

வர்ற ஞாயிறும் சுடுவோம்.