சர்மைஸ் (ஆங்கில வினைச்சொல்)

போதிய சான்று இல்லாதபோதும் ஒன்றை இப்படித்தான் இருக்கும் என்று மனத்தில் கொள்வதைக் குறிக்கும் ஆங்கில வினை சர்மைஸ். பெயர்ச்சொல்லாகவும் வழங்கும். தமிழில் இதற்கு நேரானது 'ஊகி'.

பழைய பிரெஞ்சின் 'சுர்மெத்ர்' இதன் மூலம். சுர் என்றால் மேல், மெத்ர் என்றால் வை. 'பழியை என் மேல் போட்டான்' என்று நாம் சொல்வதும் இதே உருவகம்தான். 1400ஐ ஒட்டி ஆங்கிலத்தில் நுழைந்தபோது இது வழக்குமன்றச் சொல்: குற்றம் சாட்டு என்று பொருள். மெய்ப்பிக்கப்படாத குற்றச்சாட்டு சந்தேகமாக இளகி, பிறகு வெறும் ஊகமாயிற்று.

இன்ஃபர் என்பது வேறு சொல். லத்தீனில் 'உள்ளே கொண்டுசெல்' என்று பொருள். சான்றிலிருந்து முடிவுக்குச் செல்வதைக் குறிக்கும். இதற்குத் தமிழில் 'உய்த்துணர்' அழகாகப் பொருந்துகிறது. உய்த்தல் என்றாலே கொண்டுசெலுத்துதல்தான். தொல்காப்பிய மரபியல் கூறும் உத்திகளில் 'உய்த்துக்கொண்டு உணர்தல்' ஒன்று. நன்னூலின் 32 உத்திகளிலும் 'உய்த்துணர வைப்பு' உண்டு. ஊகத்தையும் உய்த்துணர்வையும் ஒன்றாக்கி எழுதுவது பிழை.

இந்த வேறுபாட்டைக் காட்ட ஓமனின் பாத்தினா கரையிலுள்ள சோஹார் நல்ல எடுத்துக்காட்டு. சுமேரியக் களிமண் பலகைகள் மகன் என்னும் நாட்டிலிருந்து செம்பு வந்ததாகச் சொல்கின்றன. மகன் நாட்டுக் கப்பல்கள் தன் துறையில் நின்றதாக அக்காடிய அரசன் சார்கோனின் கல்வெட்டும் கூறுகிறது. சுமேரியச் செம்பில் நிக்கல் கலந்திருப்பதையும் ஓமன் செம்புத் தாதிலும் நிக்கல் இருப்பதையும் ஒப்பிட்டு, மகன் ஓமனே என்று தொல்லியலாளர் ஹரால்ட் பீக் 1928இல் வாதிட்டார். பின்னர் ஓமன் மலைகளில் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டுச் செம்பு உருக்கிய தடயங்களும் கிடைத்தன. சோஹாருக்குப் பின்னாலுள்ள வாதி ஜிஸ்ஸியிலும் பழைய கசடு மேடுகள் உண்டு. இங்கே சான்று முடிவை நோக்கி நம்மை நடத்திச் செல்கிறது. இது உய்த்துணர்வு.

ஓமானா கதை அப்படியல்ல. முசிறியையும் குமரியையும் பேசும் 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், கி.பி. முதல் நூற்றாண்டு நடுவில், வளைகுடா வாய்க்கு அப்பால் ஆறு நாள் ஓட்டத்தில் ஓமானா என்ற துறைமுகம் இருந்ததாகச் சொல்கிறது. அது சோஹாரே என்றனர் சிலர். பெயர் ஒலிப்பும் சோஹாரின் பிற்காலப் புகழும் அதற்குத் துணைநின்றன. பத்தாம் நூற்றாண்டு அரபுப் புவியியலாளர்கள் ஓமனின் தலைநகராகவே அதைப் போற்றினர். ஆனால் பெரிப்ளூஸ் ஓமானாவைப் பாரசீகத் துறைமுகம் என்கிறது. குஜராத்தின் பரூச்சிலிருந்து அங்கே செம்பு போனதாகவும் கூறுகிறது. மலையில் செம்பு வெட்டும் ஊருக்குக் கடல்வழியாகச் செம்பு எதற்கு? ரோமானியக் கண்ணாடிப் பொருள்கள் கிடைத்த உம் அல்குவைனின் எத்-தூர், ஈரானின் மக்ரான் கரை ஆகியனவும் போட்டியில் உள்ளன. இது சர்மைஸ்.

ஓமானாவைப் பற்றித் தமிழில் எழுதுவோர் 'சோஹார் என்று ஊகிக்கப்படுகிறது' என்றே எழுத வேண்டும். 'சோஹார் ஆகும்' என்று எழுத இன்னும் சான்றில்லை.